சக்கரம் உருளாத நேரம்

விமானம் ஓட்டுகிறவனுக்குச் சம்பளம் எப்போதிலிருந்து ஓடும் என்று எங்கள் சங்ககிரியில் யாரைக் கேட்டாலும், "ஏறி உக்காந்ததுல இருந்துதானுங்களே" என்பார்கள். அப்படி இல்லை. எங்கள் கம்பெனியில் சம்பளத்தின் பெரும்பகுதி பறக்கும் மணியைப் பொறுத்தது. நின்ற இடத்தை விட்டுச் சக்கரம் நகரும்போது அந்த மணி தொடங்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் சக்கரம் நின்றால் முடிந்துவிடும். அதற்கு முன்னால் வானிலைக் குறிப்பைப் படிப்பது, எந்த ஊரில் எந்த ஓடுபாதையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது, லீவு நாளில் வீட்டில் உட்கார்ந்து டேப்லட்டில் பாடங்களை முடிப்பது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் சிமுலேட்டர் தேர்வுக்கு உருப்போடுவது எல்லாம் எதிலும் சேராது. அது நம் சொந்த நேரம்.

இந்த அநியாயத்தை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. எட்டு வருடமாகத் துணை விமானியாக இருக்கிறேன். சட்டைத் தோளில் கேப்டனைவிட ஒரு பட்டை குறைவு. அந்தக் குறையை எங்கள் விமானிகளின் வாட்ஸ்அப் குழுவில் குரலை உயர்த்திச் சரிக்கட்டிக்கொண்டிருந்தேன். "நம் குடும்பத்திடமிருந்து திருடப்படும் நேரம்" என்று நான் எழுதிய ஒரு பதிவு நாலு முறை விரலால் தள்ளினால்தான் முடியும். அதற்குப் பதினேழு பேர் கைகூப்பு அனுப்பினார்கள். கைகூப்பு என்றால் ஆமோதிப்பா, போதும் விடு என்கிற கெஞ்சலா என்று நான் யோசிக்கவில்லை.

கடைசியில் என் தொல்லை தாங்காமல் குழுவில் எனக்கே ஒரு வேலையைக் கொடுத்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் விமானிகள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அறிக்கையாக்கி, நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். சம்பளமில்லாத வேலைக்கு எதிராக நான் சம்பளமில்லாமல் பார்க்கும் வேலை. இதில் உள்ள கிண்டல் எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. பெருமையாக ஏற்றுக்கொண்டேன்.

கேட்கப் போனால் ஆளுக்கொரு கருத்து. மூத்த கேப்டன் ஒருவர், "படிக்கச் சொல்லிக் கம்பெனி எதுக்கு எனக்குக் காசு கொடுக்கணும்? பின்னாடி நூத்தி எண்பது பேர் உட்கார்ந்திருக்காங்க, முன்னாடி நானும் உட்கார்ந்திருக்கேன். விழுந்தா முதல்ல நான்தானே" என்றார். இன்னொருவர் வீட்டில் டேப்லட்டைத் திறப்பதே இல்லையாம். விமானம் தாமதமாகும் நாளுக்காகக் காத்திருந்து, அப்போது மொத்தமாக முடிப்பாராம். மழைக்காலத்தில் அவர்தான் கம்பெனியிலேயே அதிகம் படித்தவர். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த ஒருவர், "முழு ஆதரவு தம்பி. பேர மட்டும் போட்டுறாதீங்க" என்றார். என்னோடு சேர்ந்த ஒரு பெண் விமானி, தன் நிச்சயதார்த்தத்துக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருக்கும்போதே தீத்தடுப்புப் பாடத்தை முடித்ததாகச் சொன்னாள். கண்ணுக்கு மை தீட்டும் நேரம் மட்டும் நிறுத்தி வைத்தாளாம். "யாரைக் கேட்டு என் நேரத்தை எடுத்துக்கிறாங்க?" என்றாள். அந்த வரியை அறிக்கையின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டேன்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பத்து நாள் லீவு கிடைத்து ஊருக்கு வந்தேன். அது சும்மா எடுத்த லீவு இல்லை. என் மனைவிக்காகக் கேட்டு வாங்கியது.

அவள் நாமக்கல்லில் விடுதியோடு கூடிய ஒரு பெரிய பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். விடியற்காலைப் படிப்பு, பகல் வகுப்பு, ராத்திரி ஸ்டடி என்று அந்தப் பள்ளியில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். அதற்குப் பிறகு அரசு வேலைக்கான போட்டித் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தாள். ஒருமுறை எழுதிக் கிட்டத்தில் போய்த் தவறிவிட்டது. பழைய பள்ளியில் ஜூன் வரை இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். "இந்த ஒருக்கா எழுதிப் பாக்கறனுங்க. இல்லீன்னா ஸ்கூலுக்கே போயிர்றேன். ரெண்டுங்கெட்டானா இன்னொரு வருசம் என்னால ஆவாது" என்று என்னிடம் சொன்னாள். அரசு வேலை கிடைத்தால் ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம், சனி ஞாயிறு லீவு இருக்கும், மகளைத் தானே தூங்க வைக்கலாம். அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஏழு நோட்டுகள் எழுதி வைத்திருந்தாள். தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின ஒரு வாரத்தில் நாளுக்கு ஒரு நோட்டு வீதம் திருப்பிப் பார்த்துவிட்டால் போதும் என்று திட்டம். அந்த ஒரு வாரமும் சமையலும் மகளும் என் பொறுப்பு என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

முதல் நாள், சனிக்கிழமை, வாக்கைக் காப்பாற்றினேன். சாம்பாரில் உப்பு இரண்டு முறை போட்டதைத் தவிர வேறு குறையில்லை. அன்று சாயங்காலம் செல்போனில் எனக்கு ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை, மாறி வந்தது. சிமுலேட்டர் தேர்வு, அடுத்த வியாழக்கிழமை, பெங்களூரில். லீவில் இருப்பவனைக் கூப்பிடுகிறார்களே என்று போன் செய்து சத்தம் போட்டேன். வேறு தேதி வேண்டுமென்றால் ஒரு மாதம் பறக்காமல் காத்திருக்க வேண்டும் என்றார்கள். சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

சிமுலேட்டர் என்பது அசையாத கட்டடத்துக்குள் அசையும் ஒரு பெட்டி. உள்ளே எல்லாம் நிஜ விமானம் மாதிரியே இருக்கும். தேர்வு வைப்பவர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கிளம்பும்போது ஒரு எஞ்சினில் தீ வைப்பார், இறங்கும்போது பனியைக் கொண்டுவருவார். நாம் பதறாமல், வரிசை மாறாமல், சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லி, தொட வேண்டியதைத் தொட வேண்டும். இதற்கு வீட்டில் பழகுவதற்கென்றே விமானிகளிடம் ஒரு காகித விமானம் உண்டு. விமானத்தின் முன்பக்கம் முழுவதையும் அசல் அளவில் அச்சடித்த சுவரொட்டிகள். நாற்காலியைப் போட்டு, அதன் முன் உட்கார்ந்து, படத்தில் உள்ள பொத்தான்களை அழுத்த வேண்டியதுதான்.

எங்கள் வீட்டை ஒட்டி, அப்பா லாரி நிறுத்தும் தகர செட் இருக்கிறது. அப்பா முப்பது வருடம் சொந்தமாக லாரி ஓட்டியவர். இப்போது ஒரு வண்டி மட்டும் வைத்து டிரைவர் போட்டு ஓட்டுகிறார். வண்டி லோடுக்குப் போயிருந்ததால் செட் காலியாக இருந்தது. நாமக்கல்லில் லாரிக்குப் புதிதாகப் பாடி கட்டியபோது கழற்றி வந்த பழைய சீட்டுகள் இரண்டு மூலையில் கிடந்தன. அவற்றை இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். எதிரில் இருந்த தகரத்தில் சுவரொட்டிகளை ஒட்டினேன். தலைக்கு மேலே இருக்க வேண்டிய பொத்தான் வரிசையை ஒரு அட்டையில் ஒட்டி, தார்ப்பாய்க் கயிற்றால் இரும்புக் குழாயில் கட்டித் தொங்கவிட்டேன். ஃபேன் போட்டால் அது ஆடியது. நான் தீயணைக்கப் போகும்போதெல்லாம் பொத்தான் கைக்குச் சிக்காமல் அக்கம்பக்கம் போய்வந்தது.

அப்பா வந்து பார்த்தார். அவருக்கு நான் செய்வது பிடிபட்டது, எதற்கு என்பதுதான் பிடிபடவில்லை.

"ஏஞ்சாமி, இதுக்குக் கம்பெனியில எதாச்சும் குடுக்கறாங்களா?"

"இல்லீங்கப்பா. அதுக்குத்தான் போராடிட்டு இருக்கறேன்."

"நிக்கிற வண்டிக்கு எவன் சாமி வாடகை குடுப்பான்?" என்றார். அவர் காலத்தில் லோடு ஏற்ற மூன்று நாள் காத்துக் கிடந்திருக்கிறார். கிளம்புமுன் டயரைத் தட்டிப் பார்ப்பதும், கயிறு இறுக்குவதும், ஆயில் பார்ப்பதும் அவருக்கு வண்டி ஓட்டுவதில்தான் சேர்த்தி. அந்தக் கருத்தையும் குறித்துக்கொண்டேன், ஆனால் அறிக்கையில் சேர்க்கவில்லை. எங்கள் கோரிக்கைக்கு அது பாதகம்.

தேர்வில் பக்கத்து சீட்டில் ஒருவர் இருப்பார். நான் ஒன்று சொன்னால் அவர் பதில் சொல்ல வேண்டும். தனியாகப் பழகினால் தாளம் வராது. அதனால் அப்பாவையே பக்கத்து சீட்டில் உட்கார வைத்தேன். கையில் தாளைக் கொடுத்து, நான் சொல்வதற்கு எதிரே எழுதியிருப்பதைப் படித்தால் போதும் என்றேன். அப்பாவுக்குக் கண்ணாடி இல்லை. பரவாயில்லை, தெரிந்ததைச் சொல்கிறேன் என்றார்.

ஓடுபாதையில் வேகம் பிடித்தேன். "எஞ்சின் ஃபயர்" என்றேன். அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஓரங்கட்டி நிறுத்து சாமி. எறங்கி ஓடிரலாம்" என்றார்.

இப்போது நினைத்தால் அன்று சொல்லப்பட்டதிலேயே விவேகமான பேச்சு அதுதான். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். மனைவி முதல் நோட்டை முடித்து இரண்டாவதை விரித்திருந்தாள்.

"புள்ள, பத்து நிமிசம் வாயேன்" என்றேன்.

வந்தாள். நோட்டில் விரலை வைத்து மூடிக்கொண்டே வந்தாள். லாரி சீட்டில் உட்கார்ந்து, தாளை வாங்கி, ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்தாள். நான் சொல்லச் சொல்ல, வகுப்பில் பாடம் எடுக்கிற குரலில், ஒரு சொல் பிசகாமல் பதில் சொன்னாள். மூன்றாவது தடவையிலேயே தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். நாலாவது தடவை என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏனுங்க, லீவரத்தான மொதல்ல இழுக்கோணும்? நீங்க பட்டனுக்குப் போறீங்க."

அவள் சொன்னது சரி. எனக்கு ஒரே மகிழ்ச்சி. என் எட்டு வருட அனுபவத்தில் இவ்வளவு நல்ல துணை விமானியை நான் பார்த்ததில்லை. மகள் பின்னால் ஒரு கோணிமேல் பயணியாக உட்கார்ந்து பொரி தின்றாள்.

பத்து நிமிடம் அன்று ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மறுநாள் காலையில் ஒரு பத்து நிமிடம், சாயங்காலம் ஒரு பத்து நிமிடம். செவ்வாய்க்கிழமைக்குள் அவள் எஞ்சின் தீ, கேபின் அழுத்தக் குறைவு, பிரேக் பழுது எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொன்னாள். சமைத்துக்கொண்டிருக்கும்போதுகூட நான் கூடத்திலிருந்து "எஞ்சின் ஃபயர்" என்று சத்தம் கொடுத்தால், அடுப்படியிலிருந்து "த்ரஸ்ட் லீவர் ஐடில், மாஸ்டர் ஆஃப், ஃபயர் பட்டன் புஷ்" என்று பதில் வரும். ஆமாம், சமையல் திங்கட்கிழமையே அவள் கைக்குத் திரும்பிவிட்டது. உப்பு சரியாக இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு முறை பேசியும் பதில் வரவில்லை என்றால், அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உடனே விமானத்தை நம் கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த விதியையும் அவளிடம் ஒப்பித்தேன். அவள் சரிபார்த்து, சரி என்று தலையாட்டினாள். அதே செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளிடம், "உன் படிப்பு எப்படிப் போவுது?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கும் ஒரு மாறுதலா இருக்குமல்ல?" என்றேன். அதற்கும் பதில் இல்லை. இரண்டு முறை. ஆகாயத்தில் என்றால் பதறியிருப்பேன். வீட்டில் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, "சரி, இன்னொருக்கா பிரேக் ஃபெயிலியர் பாத்துரலாம்" என்றேன்.

அவள் செட்டிலிருந்து எழுந்து போன இடைவெளிகளில் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே லாரி சீட்டில் சாய்ந்துகொண்டு அறிக்கை எழுதினேன். "விமானியின் சொந்த நேரம் அவனுடைய அனுமதியின்றி எடுத்துக்கொள்ளப்படுகிறது" என்று ஒரு வரி. அதன் கீழே என் சொந்த அனுபவமாக, "வாரம் பன்னிரண்டு மணி நேரம், யாருடைய உதவியும் இன்றி" என்று ஒரு வரி. அந்தக் கடைசிப் பகுதி உருக்கத்துக்காகச் சேர்த்தது.

வியாழக்கிழமை பெங்களூரில் தேர்வு பிரமாதமாக நடந்தது. தீ வைத்தார், அணைத்தேன். முடிந்ததும் தேர்வு வைத்த கேப்டன் என்னைத் தனியாக நிறுத்தி, "வாய்விட்டுச் சொல்ற வரிசை ரொம்பச் சுத்தமா இருக்கு. இப்படி வர்றதுக்கு நல்ல பார்ட்னர் வேணுமே. யாரோட பிராக்டிஸ் பண்ணினே?" என்று கேட்டார்.

"தனியாத்தான் சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். சங்ககிரியில் ஒரு தகர செட்டில், கழித்துப் போட்ட லாரி சீட்டுகளில், மனைவியோடு உட்கார்ந்து பழகினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவு பெரிய மனிதர் பாராட்டும்போது அந்தப் பாராட்டைப் பங்குபோடவும் மனம் வரவில்லை. இரண்டில் எது அதிகம் என்று என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சேலத்தில் ரயில் இறங்கி, ஒரு கிலோ மைசூர்பா வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன். அவள் நாலாவது நோட்டில் பாதியில் இருந்தாள். அப்போதுதான் எனக்கு எண்ணிப் பார்க்கத் தோன்றியது. திட்டப்படி அன்று ஏழாவது நோட்டு. மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். சனிக்கிழமை முழுக்க அவள் இருந்த அறைப் பக்கமே போகவில்லை, மூன்று வேளையும் நானே சமைத்தேன். வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டப் புறப்பட்டவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லில் ஒரு பள்ளியில் தேர்வு. காரில் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். வெளியே வேப்பமரத்தடியில் மனைவிமார்களின் கைப்பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு கணவன்மார்கள் நின்றிருந்தார்கள். குழந்தைகள் அழுதன, ஒருவர் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தே ஒரு குழந்தையைத் தூங்க வைத்தார். நான் மகளோடு உட்கார்ந்திருந்தேன். செல்போனில் குழுவிலிருந்து, அறிக்கை எப்போது வரும் என்று கேட்டிருந்தார்கள். பதில் போடவில்லை.

வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதலில் மகளை வாங்கிக்கொண்டாள். திருச்செங்கோடு தாண்டி, மகள் பின் சீட்டில் தூங்கிய பிறகு நானே கேட்டேன்.

"எப்படிப் பண்ணினே?"

"மொத மூணு நோட்டுல இருந்து வந்ததெல்லாம் தெரிஞ்சுதுங்க. அஞ்சு, ஆறுல இருந்துதான் நெறையக் கேட்டிருந்தான். உள்ளாட்சிக் கேள்வி ஒண்ணு. எனக்கு நல்லாத் தெரிஞ்சதுதான். படிக்கப் படிக்க, மனசுல த்ரஸ்ட் லீவர் ஐடில், மாஸ்டர் ஆஃப்னே ஓடுதுங்க. நிறுத்தவே முடியல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். உண்மையாகவே வேடிக்கையாக இருப்பதைப் போலச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. முன்னால் போன ஒரு முட்டை வண்டியை முந்தினேன்.

"அத உடுங்க. நீங்க பாஸாயிட்டீங்கல்ல. அந்த சார் என்ன சொன்னாருன்னே நீங்க சொல்லலீங்களே."

"சுத்தமா இருந்துச்சுன்னார்." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாராட்டை முழுதாகச் சொல்லும் ஆசை விடவில்லை. "நல்ல பார்ட்னர் இருந்தாத்தான் இப்படி வரும், யாரோட பண்ணினேன்னு கேட்டார்."

"என்னன்னு சொன்னீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அதற்கு எனக்குத் தெம்பில்லை.

"தனியான்னு சொல்லிட்டேன். லாரி சீட்டுல உக்காந்துன்னு எப்படிப் புள்ள சொல்றது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாலையோரம் செங்கல் சூளைகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின.

"சீட்டச் சொல்ல வேண்டாமுங்க" என்றாள். "என்னையச் சொல்லியிருக்கலாம்."

இரண்டு மாதம் கழித்து அதைப் பற்றிப் பேச நான் ஒருமுறை வாய் திறந்தபோது, அவள் துணி மடித்துக்கொண்டே, "அதெல்லாம் எப்பவோ ஆயிப்போச்சுங்க" என்றுவிட்டாள்.

அறிக்கையை முடித்து அனுப்பினேன். அனுப்புமுன் என் சொந்த அனுபவம் என்ற பகுதியில் "யாருடைய உதவியும் இன்றி" என்பதை மட்டும் அழித்தேன். அழித்துவிட்டு ஏதோ பெரிய தியாகம் செய்தவனைப் போல ஒரு டம்ளர் மோர் குடித்தேன். அந்த இடத்தில் என் மனைவி என்று எழுதியிருக்கலாம். எழுதினால் எங்கள் கோரிக்கை பலவீனமாகிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரத்தில் நிர்வாகத்திடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. கருத்துகளுக்கு நன்றி, பரிசீலனையில் உள்ளது. குழுவில் எனக்கு மறுபடி கைகூப்புகள் வந்தன. இந்த முறை அவற்றின் அர்த்தம் கொஞ்சம் விளங்கியது.

மே மாதக் கடைசியில் அவளுடைய முடிவு வந்தது. நான் பெங்களூர் விமான நிலையத்தில் காலை விமானத்துக்கு முன்னால் வானிலைத் தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். சக்கரம் நகர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அவள் போன் செய்தாள்.

"வரலீங்க" என்றாள். "ரெண்டு கேள்வியில போச்சு."

ரெண்டு கேள்வி. அதில் உள்ளாட்சிக் கேள்வியும் ஒன்றா என்று நான் அவளிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் கேப்டன் இருந்ததால் எழுந்து காபி மெஷின் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"அடுத்த தடவ எழுதிரலாம் புள்ள. இந்தத் தடவ நான் ஒரு மாசம் லீவு போட்டுட்டு வாரேன். சத்தியமா."

"இல்லீங்க. ஸ்கூலுக்குச் சரின்னு சொல்லிட்டேன். திங்கக்கெழம சேரோணும். காலையில ஆறே காலுக்கு வண்டி வருமாம். ராத்திரி திரும்பி வர எட்டாயிரும்." குரலில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. அடுத்து என்ன ஆக வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகளைச் சாயங்காலம் அப்பா பார்த்துக்கொள்வாராம். ராத்திரிக்கு மாவு அரைத்து வைத்துவிடுவாளாம். சனிக்கிழமையும் பள்ளி உண்டாம். என்னிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.

"ஏனுங்க, உங்களுக்கு அடுத்த டெஸ்ட்டு எப்பங்க?"

"ஆகஸ்ட்டுல."

"பிராக்டிஸ ஞாயித்துக்கெழமயில வெச்சுக்கங்க. இனி எனக்கு அன்னைக்கு மட்டுந்தான் லீவு."

வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நீ தூங்கு, என்னுடையதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. கூடவே தேர்வும், பின்னால் உட்கார்ந்து தீ வைக்கும் கேப்டனும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

"சரி" என்றேன்.